லிப்டன் சந்தியில் நிற்கும் சொய்சா

என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் நாலாக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் வெடித்து, அம்மாவின் தகரப் பெட்டிக்குள் நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் யாரோ ஒரு பதிவாளர் நீல மையால், சிங்கள எழுத்தில், அவசரமாக ஒரு பெயரை எழுதியிருக்கிறார். அதில் 'சொய்சா' என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரியும். அம்மாவும் அப்படித்தான் சொல்வார்: "நீ சொய்சாவுல பிறந்த புள்ள." ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, கல்யாணம் முடித்துக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஒரு வருடமே ஆகியிருந்த அவருக்குச் சொய்சா என்பது ஓர் ஆளின் பெயர் என்று தெரியாது, அது ஆஸ்பத்திரியின் பெயர், அவ்வளவுதான்.

சிறுவனாக இருந்தபோது அந்த ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரத்தில், லிப்டன் சந்தியில், பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு சிலையைக் காட்டி அது யார் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அதுதான் லிப்டன் தொரை" என்று அவர் சற்றும் தயங்காமல் சொன்னார். லிப்டன் சந்தியில் நிற்பவர் லிப்டனாகத்தானே இருக்க வேண்டும்? நானும் பல வருடங்கள் அதையே நம்பியிருந்தேன். அந்தச் சுற்றுவட்டத்துக்கு டி சொய்சா சர்க்கஸ் என்று பெயர் மாற்றிக் காலம் ஆகிவிட்டது என்பதும், அங்கே நிற்பவர் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்பதும், அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள சொய்சாவும் அவர்தான் என்பதும் பின்னால்தான் தெரியவந்தன. அதன் பிறகு அந்த மனிதரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்து வருகிறேன். பாராட்டு மாலை கட்டுவது என் நோக்கமில்லை. ஒருவருடைய பணம் எங்கிருந்து புறப்பட்டு, எந்தப் பாதையால் நடந்து, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியும் ஆவல் எனக்கு உண்டு. அந்தப் பாதையின் ஓரத்தில் எங்கள் ஆட்களும் நிற்கிறார்கள் என்பது அந்த ஆவலுக்கு இன்னொரு காரணம்.

கதை மொரட்டுவையில் தொடங்குகிறது. இன்று தளபாடத்துக்குப் பேர்போன அந்தக் கடலோர ஊரில், வருசஹென்னதிகே என்ற வாசகமப் பெயரை, அதாவது பரம்பரைக் குடும்பப் பெயரை, உடைய ஒரு கராவக் குடும்பம் இருந்தது. கராவர் கரையோரச் சாதியினர். மீன்பிடி, தச்சு, கப்பல் வேலை, வியாபாரம் என்று பல தொழில்களில் கால் வைத்தவர்கள். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை வெட்டப்பட்டபோது, மலைநாடு என்ற புதிய சந்தை ஒன்று திறந்தது. மொரட்டுவைக்கும் களுத்துறைக்கும் இடைப்பட்ட கரையில் தென்னங்கள் வடித்துக் காய்ச்சிய சாராயம் மாட்டு வண்டிகளில் அந்தப் பாதை வழியே ஏறியது. சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் மாவட்டம் மாவட்டமாக ஏலம் போட்டது. அதிக தொகை கேட்டவருக்கு அந்தப் பகுதியில் ஏகபோகம். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மிச்சத்தைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் தவறாகக் கணக்குப் போட்டவர் தெருவுக்கு வருவார், சரியாகப் போட்டவர் காணி வாங்குவார். கரையோரச் சிங்கள முதலாளிகளின் முதல் பணம் இப்படிப் பிறந்ததுதான். சொய்சா குடும்பத்தின் பணமும் விதிவிலக்கல்ல. நினைவு மலர்களில் இந்தப் பகுதி ஒரே வரியில் கடந்துபோகப்படுவதைக் கவனித்திருக்கிறேன். எனக்கு இதைச் சொல்லுவதில் கூச்சம் எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் அன்று அரசாங்கக் காணியை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்; அதோடு ஒப்பிட்டால் ஏலத்தில் கேட்டு எடுத்த குத்தகை ஒன்றும் இழிவானதல்ல.

சார்ல்ஸின் தந்தை ஜெரோனிஸ் சொய்சா. இவர் கண்டிக்கு அப்பால் ஹங்குராங்கெத்தயில் கண்டி அரசர்களின் பழைய அரண்மனைத் தோட்டத்தை அரசாங்கத்திடமிருந்து விலைக்கு வாங்கினார். இரண்டாம் இராஜசிங்கன் இருந்த இடம் அது. 1818 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அரண்மனையைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். அந்த மண்ணில் ஜெரோனிஸ் கோப்பி நட்டார். பெருமளவில் கோப்பித் தோட்டம் திறந்த முதல் இலங்கையர்களில் அவரும் ஒருவர். அரசன் காணியில் கரையோரச் சாதிக்காரர் ஒருவர் முதலாளியாகப் போய் உட்கார்ந்தது, மலைநாட்டுப் பிரதானிகளுக்கும் கரைநாட்டில் மேல்சாதியாக எண்ணப்பட்ட கொவிகமவரின் முதலியார் (அரசாங்கச் சுதேச அதிகாரி) குடும்பங்களுக்கும் எப்படி உறைத்திருக்கும் என்பதைச் சாதி தெரிந்த நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1853இல் ஜெரோனிஸுக்கு அரசாங்கம் முதலியார் பட்டம் கொடுத்தது. சொந்தப் பணத்தில் அவர் மொரட்டுவையில் கட்டிய ஹோலி இமானுவல் தேவாலயம் 1860இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இரண்டு வருடத்தில் அவர் கண்ணை மூடினார்.

1836 மார்ச் 3இல் பிறந்த சார்ல்ஸுக்கு அப்போது வயது 26. தந்தை விட்டுப்போன கோப்பி, கறுவா, தென்னை எல்லாம் அவர் கைக்கு வந்தன. அவர் அவற்றை மேலும் பெருக்கினார். அவர் காலத்தின் மிகப் பெரும் சுதேசச் செல்வந்தராக ஆனார். அந்தப் பத்து வருடங்கள் கோப்பியின் உச்சக் காலம். 1870 அளவில் இலங்கை வருடத்துக்குப் பத்து இலட்சம் அந்தர் (ஓர் அந்தர் 112 இறாத்தல்) கோப்பி ஏற்றுமதி செய்தது. சிங்கள முதலாளிகளின் தோட்டங்களில் ஊராட்களும் வேலை செய்தார்கள் என்றாலும், அந்தத் தொழில் முழுவதையும் தோளில் தூக்கி நிறுத்தியது தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகள். எங்கள் வீட்டில் இதைக் 'கோப்பிக் காலம்' என்பார்கள். என் அப்பாவின் ஆட்கள் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு அந்தக் காலத்தில் வந்தவர்கள்; அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள் நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளை வழியாக மலையேறும் பாதை அது. தண்ணீரில்லாமலும் வாந்திபேதியாலும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பாதையிலேயே விழுந்தார்கள். இந்த வன்னிக் காட்டை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இந்தக் கதையில் அது மறுபடி வரும்.

1870 ஏப்ரல் மாதம், விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகனான எடின்பரோக் கோமகன் அல்பிரெட் இலங்கைக்கு வந்திருந்தார். ஆங்கில அரச குடும்பத்தவர் ஒருவர் தீவில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஆளுநரின் விருந்து, யானை வேட்டை, கண்டியில் தலதா மாளிகை என்று எல்லாம் நடந்தன. அவற்றோடு கூட, கொள்ளுப்பிட்டியில் தன்னுடைய பகத்தலை மாளிகைக்கு இளவரசரை விருந்துக்கு அழைக்க 34 வயதுச் சொய்சா அனுமதி பெற்றார். அங்கே இளவரசர் சாப்பிட்ட தட்டு தங்கம், கிண்ணம் தங்கம், கத்தி, முள், கரண்டி மூன்றும் தங்கம், பிடிகளில் மாணிக்கமும் மரகதமும் முத்தும் பதித்தவை. அதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விருந்துக்குப் பிறகு, கேட்டு அனுமதி வாங்கி, மாளிகையின் பெயரை அல்பிரெட் ஹவுஸ் என்று மாற்றினார்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. புதுப்பணக்காரரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், அந்தத் தங்கக் கரண்டி இளவரசரைவிடச் சுற்றிலும் நின்று பார்த்தவர்களுக்கே அதிகம் காட்டப்பட்டது என்று தோன்றியது. அன்றைய கொழும்பில் சுதேசிகளுக்கான பட்டமும் பதவியும் சில கொவிகமக் குடும்பங்களின் முற்றத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. பரம்பரையால் கிடைக்காத இடத்தைச் சொய்சா சாப்பாட்டு மேசை போட்டு எடுத்துக்கொண்டார். மகாராணியின் மகன் கை நனைத்த வீட்டை இனி யாரால் சிறிய வீடு என்று சொல்ல முடியும்? நம் பக்கத்திலும் கோவில் திருவிழாவில் உபயம் பிடிப்பதற்கு நடக்கும் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மனம் புதிதல்ல. சொய்சாவின் கொடைகளை இந்த விருந்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் கொடுத்ததில் ஈரமும் இருந்தது, எதிரிக்குச் சொல்லும் பதிலும் இருந்தது.

அந்த வருடமே, 1870 ஜூன் 1இல், கொழும்பில் மருத்துவப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அது தோன்றியதற்குக் காரணம் வன்னி. வடமாகாணத்தில் வைத்திய அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லூஸ், வன்னிக் கிராமங்கள் ஏன் ஆளில்லாமல் போகின்றன என்று ஆராய அனுப்பப்பட்டார். பறங்கிப்புண் என்ற தொற்றுத் தோல் நோயும் மற்ற வியாதிகளும் ஊர்களை அரித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாகப் பயிற்றாமல் இதற்கு வழியில்லை என்று அறிக்கை கொடுத்தார். ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் அதை ஏற்றார். லூஸே முதல் அதிபரானார். பள்ளி என்னவோ தொடங்கிவிட்டது. அதற்கென்று சொந்தக் காணியோ கட்டடமோ இருக்கவில்லை. காணியை, மூன்றரை ஏக்கர், முதலியார் சாம்சன் ராஜபக்ச கொடுத்தார். கட்டடத்தைச் சொய்சா கட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் கின்சி வீதியில் கொழும்பு மருத்துவ பீடம் நிற்பது அந்தக் காணியில்தான். தோட்டங்களிலிருந்து கோடி கோடியாக வருமானம் எடுத்த ஒரு நிர்வாகம், வைத்தியர் பயிற்றும் பள்ளிக்கு ஒரு கூரை போடச் சுதேசியின் கையைப் பார்த்தது என்பது என்னைப் பொறுத்தவரை சொய்சாவின் பெருந்தன்மைக்கு நிகராகக் குறித்து வைக்கப்பட வேண்டிய விடயம்.

1879இல் அதன் அருகே அவர் மகப்பேற்று மனையைக் கொடுத்தார். இதை ஆசியாவின் முதல் மகப்பேற்று வைத்தியசாலை என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுவதுண்டு. அது பிழை. சென்னையில், இன்று எழும்பூரில் இருக்கும் தாய்சேய் மருத்துவமனை 1844இலேயே தொடங்கிவிட்டது. இலங்கையில் இதுதான் முதலாவது. அந்தப் பெருமையே போதும், பக்கத்து வீட்டுக்காரரின் நகையை இரவல் வாங்கிப் போட வேண்டியதில்லை. அதுவரை பிரசவம் என்றால் வீடும் மருத்துவச்சியும் கிழட்டுப் பெண்களின் அனுபவமும்தான். தாய் பிழைத்தால் தெய்வத்தின் கருணை. பணக்காரப் பெண்களுக்கு வீட்டுக்கே வைத்தியர் வருவார். இந்த மனை எழுப்பப்பட்டது வைத்தியரை அழைக்க வக்கில்லாதவர்களுக்காக. கூடவே, பக்கத்து மருத்துவப் பள்ளி மாணவர்களுக்கும் மருத்துவிச்சிகளுக்கும் அது பயிற்சிக் களமாயிற்று.

என் அம்மாவின் நினைவில் அந்த இடத்தின் வரலாறு எதுவும் இல்லை. வேறு சில சங்கதிகள் இருக்கின்றன. இரவு மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மொரிஸ் மைனர் டாக்ஸியில் போனது. வாசலில் அப்பாவை நிறுத்திவிட்டு அம்மாவை மட்டும் உள்ளே கூட்டிப்போனது. அவருக்குச் சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் தெரியாது என்று கண்டுகொண்ட ஒரு தாதி, "நங்கி, நங்கி" (தங்கச்சி, தங்கச்சி) என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. விடிந்த பிறகு, எனாமல் கோப்பையில் கொடுத்த பிளேன்டீயும் அதோடு உள்ளங்கையில் வைத்த ஒரு துண்டுச் சீனியும். "தோட்டத்துல கெடைக்காத தேத்தண்ணி" என்று இன்றும் சொல்வார். தேயிலை விளையும் மண்ணில் வளர்ந்தவர் அதைச் சொல்வதில் உள்ள கசப்பை அவர் உணர்ந்து சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

சொய்சாவின் மற்றக் கொடைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் வந்துபோனதன் ஞாபகமாக மறு வருடம் மொரட்டுவையில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்குமாக அவர் நிறுவிய கல்லூரிகள், வேல்ஸ் இளவரசர், இளவரசி பெயர்களோடு இன்றும் நடக்கின்றன. கொழும்பில் புதிய பயிர்களையும் பயிரிடும் முறைகளையும் பரீட்சித்துப் பார்க்க அல்பிரெட் மாதிரிப் பண்ணையை அமைத்தார். அந்தப் பண்ணை நிலத்தில் இப்போது கொல்ப் விளையாடுகிறார்கள். பொரளையில் மொடல் ஃபார்ம் வீதி என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. பண்ணைக்கும் மாளிகைக்கும் பள்ளிக்கும் இளவரசர்களின் பெயரையே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்தின் கதவைத் திறக்கும் சாவி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் பெயர் நிலைத்தது பிரசவ மனையில்.

இதற்கிடையே கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போலத் தோன்றிய பூஞ்சணம், பத்துப் பதினைந்து வருடத்தில் மலைநாடு முழுவதையும் தின்று தீர்த்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கதவைச் சாத்தியது. தீவில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பங்கு அந்த வங்கி வெளியிட்டவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பு அறிவித்திராவிட்டால் சந்தையில் அரிசி வாங்கவே ஆளிருந்திருக்காது. கோப்பியை மட்டும் நம்பியிருந்த துரைமார் பலர் கப்பலேறினார்கள். சொய்சாவுக்குக் கரையோரத்தில் தென்னையும் கறுவாவும் கொழும்பில் காணியும் இருந்தன, அவர் விழவில்லை. சாராயக் குத்தகையில் கணக்குப் போடக் கற்ற குடும்பம், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கவில்லை.

இந்த நெருக்கடிக்குள், 1882இல், சுதேசத் தோட்டக்காரர்களின் குறைகளை எடுத்துச் சொல்ல இலங்கை விவசாயச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் அவர். 1888இல் அது இலங்கைத் தேசியச் சங்கம் ஆயிற்று. அந்தச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது, முதல் தலைவராக உட்கார்ந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தென்னை விலையையும் வரியையும் பேசக் கூடிய முதலாளிமாரின் சங்கம் ஒன்று, முப்பத்தேழு வருடத்தில் ஒரு தமிழரின் தலைமையில் அரசியல் சீர்திருத்தம் கேட்கும் இடத்துக்கு வந்தது. அந்தத் தலைமை இரண்டு வருடம்கூடச் சரியாக நிலைக்கவில்லை என்பது இன்னொரு நாளைக்கு எழுத வேண்டிய கதை.

1890 செப்டெம்பர் 29இல் சொய்சா இறந்தார். வயது 54. பிள்ளைகள் பலர், அல்பிரெட் ஹவுஸ் தோட்டம் அவர்களுக்குள் பங்குபட்டு, பிறகு பங்கிலும் பங்காகி, இன்று கொள்ளுப்பிட்டியில் அல்பிரெட் பிளேஸ், அல்பிரெட் ஹவுஸ் கார்டன்ஸ், பகத்தலை வீதி என்று தெருப் பெயர்களாகக் கிடக்கிறது. அவற்றினூடே நடந்தால் தூதரகமும் உணவகமும் மாடிக் குடியிருப்பும்தான் கண்ணில் படும். தங்கத் தட்டு வைத்த மேசை எந்த இடத்தில் இருந்தது என்று நானும் ஒருநாள் ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து, ஒரு இளநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

குடும்பத்தவர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1899இல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த நுண்ணுயிர் ஆய்வுநிலையம் அவர்களது கொடையால் எழுந்தது. 1903இல் அதன் பணிப்பாளராக வந்தவர் இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி. 1905இல் அவர், கொழும்பில், நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த நீரை நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, திருகாணி போல முறுகிய ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அது பறங்கிப்புண்ணின் கிருமி. லூஸ் வன்னியில் பார்த்த அதே நோய். மருத்துவப் பள்ளி பிறக்கக் காரணமாயிருந்த அதே நோய். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் ஆட்கள் நடந்துபோன காட்டின் கிராமங்களில் இருந்த அதன் காரணம், முப்பத்தைந்து வருடம் கழித்து, கோப்பியிலும் தென்னையிலும் சேர்ந்த பணத்தால் கட்டிய அறையொன்றில் அகப்பட்டது. யாரும் திட்டமிட்டு இதை இப்படிச் செய்யவில்லை. இருந்தாலும் அந்தத் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் கண் பரிசோதனைக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வேலை முடிந்து ஆட்டோவுக்கு நின்றபோது சிலையைக் காட்டி, இது லிப்டன் இல்லை அம்மா, நான் பிறந்த ஆஸ்பத்திரியைக் கட்டிக் கொடுத்த சொய்சா இவர்தான் என்று சொன்னேன். மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப லிப்டன் தொரை எங்க?"

லிப்டன் இந்த நாட்டுக்கு வந்து தேயிலைத் தோட்டம் வாங்கியது 1890இல், இந்த மனுசன் செத்த வருசம் என்றேன்.

"அவரு போக இவரு வந்தாரா?" என்று கேட்டார். அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. எங்கே நிற்கிறீர்கள் என்று கைபேசியில் யாரோ கேட்டதற்குச் சாரதி, "லிப்டன், லிப்டன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.